கண்ணாடியைக் கழற்றுமுன்

(மல்லேஸ்வரத்தில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசச் சொன்ன செயலாளர், "ஏதாவது ஸயன்ஸ் விஷயமாக இருக்கட்டும், ஆனால் யாரும் தூங்கக் கூடாது" என்று நிபந்தனை போட்டார். நான் டாக்டர் இல்லை. அந்தக் காலத்து பி.எஸ்ஸி. பிஸிக்ஸ். அதன்பின் முப்பத்தாறு வருஷம் மத்திய அரசின் கணக்குத் துறை. ஸர் ஸி.வி. ராமன் கல்கத்தாவில் அசிஸ்டெண்ட் அக்கவுண்டண்ட் ஜெனரலாக இருந்து, 1917இல் வேலையை விட்டுவிட்டுப் பேராசிரியராகப் போனார். அவர் உதறிய வேலையை நான் பென்ஷன் வரை பிடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் இருவருக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவே. அவருடைய பஞ்சவடி வீடு இதே மல்லேஸ்வரத்தில்தான் இருக்கிறது. கடைசிக் காலத்தில் அவர் மனிதக் கண் எப்படிப் பார்க்கிறது என்ற ஆராய்ச்சியில் மூழ்கி, 1968இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். ஆகவே இந்தப் பேட்டையில் கண்ணைப் பற்றிப் பேசுவது பொருத்தம்தான்.

விஷயம் என் பேத்தியிடமிருந்து ஆரம்பிக்கிறது. மூன்றாம் வகுப்பிலிருந்து கண்ணாடி. வலது கண் மைனஸ் ஆறரை, இடது ஆறு. இருபத்து நாலு வயதில் வரன் பார்க்க ஆரம்பித்தோம். ஒரு பிள்ளையின் தாயார் போனில் எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில், "போட்டோல கண்ணாடி இல்லையே, போட்டுப்பாளோ? பவர் எத்தனை?" என்றார். சொன்னேன். "சொல்றோம் மாமா" என்று வைத்தவர், அப்புறம் கூப்பிடவே இல்லை.

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். லேசர் சிகிச்சை செய்துகொள் என்று அவளிடம் முதலில் சொன்னது நான்தான். அவளாகக் கேட்கவில்லை. "எவ்வளவு ஆனாலும் என் எஃப்.டி.யிலிருந்து தரேன்" என்றேன். அவள் தயங்கியபோது, அந்த லேசரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம் சென்னைக்காரர் என்று பெருமையாக ஒரு பிரசங்கமும் செய்தேன்.

அந்தப் பிரசங்கம் பொய்யில்லை. ரங்கசாமி ஸ்ரீனிவாசன் 1929இல் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போய் ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். அவரும் ஜேம்ஸ் வின், ஸாமுவேல் ப்ளம் என்ற இருவரும், 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்ஸைமர் லேசரால் பிளாஸ்டிக்கை நுணுக்கமாகச் செதுக்க முடியும் என்று பார்த்துவிட்டு, உயிர்த் திசுவை என்ன செய்யும் என்று யோசித்தார்கள். 1981 நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. மறுநாள் 27ஆம் தேதி ஸ்ரீனிவாசன் விருந்தில் மிஞ்சிய வான்கோழி எலும்பை ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கொண்டுபோனார். (மாமிகள் முகம் சுளிக்க வேண்டாம், விஞ்ஞானத்துக்காகத்தான்.) பச்சை நிற லேசர் அதன் குருத்தெலும்பைக் கருக்கியது. 193 நானோமீட்டர் கதிரோ கத்தி வைத்து வகிர்ந்தாற்போல் சுத்தமாகக் குழி வெட்டியது. ஓரத்தில் கருகல் இல்லை.

காரணம் இதுதான். அந்தப் புற ஊதாக் கதிரின் ஒவ்வொரு போட்டானிலும் 6.4 எலெக்ட்ரான் வோல்ட் சக்தி இருக்கிறது. புரதத்தின் ரசாயனப் பிணைப்பை முறிக்க அதுவே போதும். மூலக்கூறுகள் துண்டு துண்டாகப் பிரிந்து ஆவியாகப் போய்விடுகின்றன, சூடும் அவற்றோடேயே போய்விடுகிறது. 1983இல் ஸ்டீபன் ட்ரோகல் என்ற கண் டாக்டர் ஸ்ரீனிவாசனோடு சேர்ந்து இதை மாட்டின் கண்ணில் சோதித்தார். 1995இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. அந்த மூவருக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது.

இந்த லேசரின் ஒரு துடிப்பு சுமார் கால் மைக்ரான்தான் எடுக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு நுணுக்கமான கருவி தப்பு செய்யாது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். கருவி சரிதான். எந்தக் கண்ணில் அதை வைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கார்னியா என்பது கண்ணின் கருமணிக்கு முன்னால் கடிகாரக் கண்ணாடி போல் இருக்கும் படலம். கண்ணின் மொத்தம் 60 டயாப்டர் சக்தியில் சுமார் 43 இதனுடையது. கனம் நடுவில் அரை மில்லிமீட்டர் சொச்சம். அதற்குள் பல அடுக்குகள். 2021 அக்டோபரில் நடிகர் புனீத் ராஜ்குமார் காலமானபோது, அவருடைய இரண்டு கண்களால் நாலு பேருக்குப் பார்வை கிடைத்தது என்று இந்த ஊரில் எல்லோரும் பேசினோம், நினைவிருக்கும். கார்னியாவின் முன் அடுக்கை ஒருவருக்கும் பின் அடுக்கை இன்னொருவருக்கும் வைத்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

லேஸிக்கில் முதலில் கார்னியாவின் மேல்பகுதியைப் புத்தக அட்டை மாதிரி ஒரு மூடியாக வெட்டித் திருப்புகிறார்கள். முன்பு பிளேடால் வெட்டினார்கள், இப்போது பெரும்பாலும் ஃபெம்டோஸெகண்ட் லேசர். அந்த அதிவேகத் துடிப்புக்கு அடிப்படையான முறையைக் கண்டதற்காக டோனா ஸ்ட்ரிக்லண்ட், ஜெரார்ட் மூரூ இருவரும் 2018இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். பிறகு உள்ளே எக்ஸைமர் லேசரால் செதுக்கி, மூடியைத் திரும்பப் படிய வைக்கிறார்கள். பி.ஆர்.கே. முறையில் மூடி கிடையாது, மேல் தோலை மட்டும் நீக்கிச் செதுக்குவார்கள். நாலு நாள் வலி உண்டு. ஸ்மைல் என்ற புதிய முறையில் உள்ளேயே ஒரு மெல்லிய வில்லையை வெட்டிச் சிறு துளை வழியே உருவி எடுக்கிறார்கள். எந்த முறையானாலும் கார்னியாவின் கனம் குறைகிறது. எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வளராது.

பேத்தியை ஒரு இடத்துக்கு அழைத்துப் போனோம். பெயர் வேண்டாம். அந்த மாதம் தள்ளுபடி என்று போர்டு. இருபது நிமிஷத்தில் பரிசோதனை முடிந்தது. கவுன்ஸலர் என்ற பெண், "ஃபிட் ஸார், சனிக்கிழமை பண்ணிடலாம்" என்று சிரித்த முகத்தோடு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார். டாக்டரை இரண்டு நிமிஷம் பார்த்தோம். நான் ரிப்போர்ட்டின் நகல் வேண்டும் என்றேன். பேப்பர் இல்லாமல் ஆபீஸை விட்டு வெளியே வராத பழைய பழக்கம். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன். கார்னியாவின் கனம் 488 மைக்ரான். ஒரு டயாப்டருக்கு எவ்வளவு செதுக்க வேண்டும் என்பதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. லேசர் படும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, மூன்றால் வகுக்க வேண்டும். ஆறரை மில்லிமீட்டர் வட்டமானால் டயாப்டருக்குச் சுமார் 14 மைக்ரான். ஆறரை பவருக்கு 91. மூடிக்கு 110. ஆக 201 போய், மிஞ்சுவது 287. போன் செய்து கேட்டேன். "250 இருந்தாலே போதும் ஸார்" என்றார்கள். அது பழைய விதி. இப்போது பல டாக்டர்கள் 300க்குக் கீழே போகத் தயங்குகிறார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மொத்தக் கனத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் கை வைத்தால் ஆபத்து கூடுகிறது என்றும் ஒரு கணக்கு இருக்கிறது. இவளுக்கு 41.

கணக்கு சரியாக டாலி ஆகாத ஃபைலில் கையெழுத்துப் போடக் கூடாது என்பது எங்கள் துறையின் பாலபாடம். வேறொரு கண் ஆஸ்பத்திரியில் மூத்த டாக்டர் ஒருவரிடம் போனோம். அவர் ஒரு வாரம் கான்டாக்ட் லென்ஸ் போடாமல் வரச் சொன்னார். முதல் இடத்தில் அதை யாரும் கேட்கவே இல்லை. லென்ஸ் கார்னியாவை அழுத்தி அதன் வடிவத்தைத் தற்காலிகமாக மாற்றிவிடும், அளவு தப்பாக வரும். மென்மையான லென்ஸுக்கு ஒன்றிரண்டு வாரம், கெட்டியான லென்ஸுக்கு இன்னும் அதிக நாள் விட வேண்டும்.

மறுபடி போனபோது கார்னியாவின் வரைபடம் எடுத்தார்கள். ஊட்டி மலைக்குப் போடும் வரைபடம் மாதிரி, மேடு சிவப்பு, பள்ளம் நீலம். டாக்டர் அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு எங்களைக் கேட்காமல் அவளைக் கேட்டார்: "கண்ணை ரொம்பக் கசக்குவியாம்மா?" பெங்களூரில் யார்தான் கசக்குவதில்லை? மகரந்தம், தூசி, அலர்ஜி. இவள் குழந்தையிலிருந்தே இரண்டு கையாலும் கசக்குவாள். கார்னியாவின் கீழ்ப்பாதி மேல்பாதியைவிடக் கொஞ்சம் செங்குத்தாக இருக்கிறது, இது கெரட்டோகோனஸ் என்ற கூம்பு நோயின் ஆரம்பமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம், ஆனால் இந்தக் கண்ணில் நான் லேசர் வைக்கமாட்டேன் என்றார்.

வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஏற்கெனவே பலவீனமான சுவரைச் சுரண்டினால், உள்ளிருக்கும் அழுத்தத்தில் அது மெல்ல மெல்ல முன்னால் பிதுங்கும். இதற்கு எக்டேஸியா என்று பெயர். லேஸிக்குக்குப் பிறகு இப்படி ஆவதை 1998இல் ஜெர்மானிய டாக்டர் தியோ ஸைலர் முதன்முதலில் எழுதினார். வெவ்வேறு ஆய்வுகள் பத்தாயிரம் பேரில் நாலு முதல் அறுபது பேர் வரை என்று சொல்கின்றன. ஸ்மைல் முறையிலும் வந்திருக்கிறது. சில மாதத்திலும் வரலாம், சில வருஷம் கழித்தும் வரலாம். வந்தால் கண்ணாடியால் பார்வை சரியாகாது. கெட்டி லென்ஸ் வேண்டும், சிலருக்குக் கார்னியாவையே மாற்ற வேண்டும். பி2 வைட்டமின் சொட்டும் புற ஊதாக் கதிரும் கொண்டு கார்னியாவை இறுக்கி நோயை நிறுத்தும் சிகிச்சை பிற்பாடு வந்தது. அதை உருவாக்கிய குழுவிலும் இதே ஸைலர் இருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் பேத்தி அழுதாள். ஆபரேஷன் இல்லை என்பதற்காக மட்டும் இல்லை. "நான் கேக்கவே இல்லையே தாத்தா, நீதானே ஆசை காட்டினே" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அட்வான்ஸ் திரும்பி வரவில்லை என்பதை இங்கே குறையாகச் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை.

இதைக் கேட்டு லேசரே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் குடும்பங்களிலேயே செய்துகொண்டு சௌக்கியமாக இருப்பவர்கள் எத்தனையோ பேர். அமெரிக்க எஃப்.டி.ஏ. இராணுவம் முதலியவற்றோடு சேர்ந்து நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், 95 சதவிகிதத்துக்கு மேற்பட்டவர்கள் தங்கள் பார்வையில் திருப்தி என்றார்கள். அதே ஆய்வில் இன்னொரு பக்கமும் உண்டு. முன்பு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் 46 சதவிகிதம் வரை, மூன்று மாதம் கழித்து விளக்கைச் சுற்றி வளையம், கண் கூசுதல் மாதிரி ஏதாவது ஒன்று புதிதாக வந்திருப்பதாகச் சொன்னார்கள். முன்பு கண் வறட்சி இல்லாதவர்களில் 30 சதவிகிதம் வரை வறட்சி வந்திருந்தது. கார்னியாவின் நுண்ணிய நரம்புகள் அறுபடுவதால் இது வருகிறது, பெரும்பாலோருக்கு மாதங்கள் போகப் போகக் குறையும். அன்றாட வேலைக்கே ரொம்பக் கஷ்டம் என்றவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அந்த ஒருவராக நம் வீட்டுப் பெண் இருந்தால் சதவிகிதம் ஆறுதல் தராது, அது வேறு விஷயம். எஃப்.டி.ஏ.யில் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்த பிரிவின் தலைவராக இருந்த மாரிஸ் வாக்ஸ்லர், ஓய்வு பெற்றபின் 2011இல் அந்த அனுமதியை வாபஸ் வாங்கும்படி தன் பழைய ஆபீஸுக்கே மனுப் போட்டார். ஆபீஸ் ஏற்கவில்லை. ஓய்வு பெற்ற அதிகாரி என்ற முறையில் எனக்கு அவர்மேல் ஒரு அனுதாபம் உண்டு.

கூட்டம் முடிந்ததும் எப்போதும் கேட்கிற இரண்டு மூன்று கேள்விகளுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயதுக்கு முன் கூடாது, பவர் ஒரு வருஷமாவது மாறாமல் நின்றிருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப்போட வேண்டும். நாற்பதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்தை இது தடுக்காது. மைனஸ் இரண்டு, மூன்று உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேப்பர் படிக்கிறோமே, அந்தச் சௌகரியம் லேசருக்குப் பின் போய்விடும். இன்னொன்று, பவர் போனாலும் நீண்ட கண் நீண்ட கண்தான். அதிக மைனஸ் உள்ளவர்களுக்கு ரெடினா கிழியும் அபாயம் அப்படியே இருப்பதால் அந்தப் பரிசோதனையை விடக் கூடாது.

முன்பே செய்துகொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. என் நண்பர் ஒருவர் வெளிநாட்டில் பல வருஷம் முன்பு லேஸிக் செய்துகொண்டார். சமீபத்தில் காடராக்ட். உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கார்னியாவின் வளைவை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். லேசரால் வளைவு மாறியிருப்பதால் வழக்கமான சூத்திரம் தப்பும், அதற்கென்று தனி சூத்திரங்கள் உண்டு. டாக்டர் பழைய ரிகார்டைக் கேட்டார். நண்பரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. கார்னியா மெலிந்திருப்பதால் கண் அழுத்தமும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், க்ளாகோமா தெரியாமல் போகலாம். எந்த டாக்டரிடம் போனாலும் லேசர் செய்துகொண்டதை முதலிலேயே சொல்லுங்கள். சிகிச்சைக்கு முந்தைய அளவுகளின் நகலை நகையோடு லாக்கரில் வைத்தாலும் தப்பில்லை.

பேத்தி இப்போது அலர்ஜிக்குச் சொட்டு மருந்து போடுகிறாள், கசக்குவதை விட்டுவிட்டாள், அல்லது என் எதிரில் விட்டுவிட்டாள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரைபடம் எடுக்கிறோம். இதுவரை ஐந்து ஆகிறது, கீழ்ப்பாதியில் மாற்றம் இல்லை. ஜாதகத்தோடு அனுப்பும் விவரத்தில் கண்ணாடி, மைனஸ் ஆறரை என்று அவளே டைப் அடித்துச் சேர்த்துவிட்டாள், போட்டோவும் கண்ணாடியோடுதான். அடுத்த வரைபடம் வருகிற மாதம் பத்தாம் தேதி. அன்றைக்கு நானும் ஃபைலோடு கூடப் போகிறேன்.