செஞ்சிமலைக் கோட்டை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



நம் யாழ்ப்பாணம் மலையில்லா நாடு. கீரிமலையிலும் மலை பெயரளவில் உண்டேயன்றி நிலத்தில் இல்லை. அவ்வாறிருக்க, மலைக்கோட்டை ஒன்றைப் பற்றிப் பேச எழுந்ததேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணத்தை முடிவிற் கூறுவேன்.

தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது செஞ்சி. ராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்து வளைத்த கோட்டை அது. ராசகிரி ஏறக்குறைய 800 அடி உயரமுடையது. உச்சியை அடையுமுன் ஆழ்ந்த பிளவொன்று வழியை மறிக்கின்றது. அதன்மேல் இட்ட மரப்பாலத்தை எடுத்துவிட்டால், ஒரு சிலரே நின்று பெரும்படையைத் தடுத்துவிடலாம்.

இக்கோட்டையை முதலில் அமைத்தவர் யாவர்? 1803ஆம் ஆண்டில், ஆங்கில அதிகாரி ஒருவர் கேட்டதற்கிணங்க, நாராயண பிள்ளை என்பார் ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ என்னும் நூலை எழுதினார். ஆடு மேய்த்த ஆனந்தக்கோன் மலைப்பொந்தொன்றிற் புதையல் கண்டெடுத்துச் செல்வனாகி, 1190ஆம் ஆண்டளவில் அங்கே அரண் கட்டினான் என்பது அந்நூல் கூறும் வரலாறு.

கதை இனியதே. ஆயினும் அவ்வூர்க் கற்கள் அதனினும் பழைய செய்தியைச் சொல்கின்றன. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்தமையைக் கூறும் கல்வெட்டு உண்டு. அது கி. பி. ஆறாம் நூற்றாண்டளவினது. அண்மையிலுள்ள சிங்கவரத்தில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருப்பது பல்லவர் காலக் குடைவரையில். ஆகவே, புதையல் தேடுவோர் வருமுன்னரே தவஞ்செய்வோர் அம்மலைகளை அறிந்திருந்தனர். ஆனந்தக்கோனுக்குப் பின்னும் வேலை முடிந்துவிடவில்லை. இன்று நாம் காணும் நெற்களஞ்சியம், கலியாண மகால், வேங்கடரமணர் கோயில் முதலியன பெரும்பாலும் விசயநகரப் பேரரசின்கீழ் எழுந்த நாயக்கர் காலத்தன.

1649இல் பீசப்பூர்ச் சுல்தானின் படையும், 1677இல் சிவாசியும் கோட்டையைக் கைக்கொண்டனர். சிவாசியின் மகன் இராசாராமன் இங்கே அடைக்கலம் புகுந்தபின், 1690இல் மொகலாயர் முற்றுகையிட்டனர். கோட்டை வீழ்ந்தது 1698இலே தான். அதற்குள் இராசாராமன் தப்பிச் சென்றுவிட்டான். இத்துணை ஆண்டுகள் தாங்கியது கல்மதிலால் மட்டுமன்று. மலைமேற் சுனைகளும் குளங்களும் நிறைந்த களஞ்சியங்களும் இருந்தமையாலுமாம்.

பின்னர் வந்தவனே நம் கதைகளில் வாழும் தேசிங்குராசன். தேசிங் என்னும் வடநாட்டு இராசபுத்திர இளைஞன் ஆண்டது ஒரு ஆண்டும் நிரம்பாத காலமே. 1714இல் ஆர்க்காட்டு நவாபை எதிர்த்து, 22 வயதிற் போர்க்களத்தில் மாண்டான். அவனோடு உயிர்கொடுத்த முகமதிய நண்பனையும் தமிழ்மக்கள் சேர்த்தே பாடினர். மதில் கட்டியோர் பெயர் மறைய, மானங்காத்தோன் பெயர் நிலைத்தது. 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் கோட்டையைப் பிடித்தனர். அதன்பின் அது காடடர்ந்தது.

2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம், மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இட்டபோது, அவற்றுள் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி ஒன்றே. பெருமைதான். எனினும் மராட்டியர் கையில் அது இருந்தது 21 ஆண்டுகளே. பலர் கட்டியதை ஒருவர் பெயரால் அழைப்பது உலக வழக்கு. முழுவரலாற்றையும் அறிந்து வைப்பது அறிவுடையோர் கடன்.

இனி, நான் சொல்வதாகக் கூறிய காரணத்துக்கு வருகின்றேன். அங்கே ஆடு மேய்த்தவன் கதை. இங்கே யாழிசைத்து மணற்றிடரைப் பரிசிலாகப் பெற்ற பாணன் கதை. அங்கே ஆங்கிலேயன் கேட்கச் சரித்திரம் எழுந்தது. இங்கே 1736ஆம் ஆண்டளவில் ஒல்லாந்த அதிகாரி கேட்க, மாதகல் மயில்வாகனப் புலவர் ‘யாழ்ப்பாண வைபவமாலை’யை எழுதினார். இரண்டிடத்தும் நம்மவர் அறிந்திருந்ததை எழுதிவைக்க அந்நியன் கேட்கவேண்டியிருந்தது! இங்கும் மண் கதையினும் பழைமை பேசுகின்றது. கந்தரோடை அகழ்வுகளும், 1980இல் ஆனைக்கோட்டையிற் கிடைத்த பிராமி எழுத்து முத்திரையும் அதற்குச் சான்று.

1981இல் நமது பொதுநூலகம் தீக்கிரையானபோது, ஏறக்குறைய 97,000 நூல்களோடு ஏடுகளும் அழிந்தன. எழுதிவைத்ததே அழியுமாயின், எழுதாததன் கதி என்ன?

வாலிப அன்பர்களே! விடுமுறை நாளில் உங்கள் ஊர்த் தெருமூடி மடத்தையும், கேணியையும், கோயிற் கல்வெட்டையும் சென்று பாருங்கள். அளந்து குறித்துக்கொள்ளுங்கள், படம் எடுத்துவையுங்கள், பாட்டன் பாட்டி சொல்வதை அவர்கள் வாய்மொழியிலேயே எழுதுங்கள். கதையையும் காப்பாற்றுங்கள், கல்லையும் காப்பாற்றுங்கள், ஆனால் ஒன்றை மற்றொன்றாக மயங்காதீர்கள். இனியும் ஓர் அந்நியன் வந்து கேட்கும்வரை காத்திருத்தல் நமக்கு அழகன்று.