வழி காட்டியவர் விடை சொல்லத் தொடங்கினால்

2014-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் திகதி காலையிலே, பிள்ளைகள் பலர் பாடசாலைக்கும் பெரியவர்கள் பலர் வேலைக்கும் புறப்பட்டுப் போயிருந்த நேரத்தில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்து லயன்களின்மேல் மலை சரிந்து விழுந்த சம்பவத்தை ஊவா மாகாணத்திலே அறியாதவர் இருக்கமாட்டார்கள். அந்த இடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தும் ஜனங்கள் ஏன் அங்கேயே இருக்க நேர்ந்தது என்பது தனியாக விசாரிக்க வேண்டிய விஷயம். மீரியபெத்த என்னும் அந்தப் பெயரை இன்றைக்கு ஒருவர் கைத்தொலைபேசியிலே தேடினால் அவருக்கு விடை சொல்லுகிறவர் யார், அந்த விடைக்கு ஆதாரமான பக்கங்களை எழுதி வைத்தவர்களின் கதி என்ன என்பதைப் பற்றியே நான் இப்போது பேச உத்தேசித்திருக்கிறேன்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் சர்வகலாசாலையின் ஆராய்ச்சி மாணாக்கர்களாகிய லாரி பேஜும் செர்கே பிரினும் 1998-இல் கூகுளை ஸ்தாபித்தபோது, எந்தப் பக்கத்தைப் பிற பக்கங்கள் மிகுதியாகச் சுட்டுகின்றனவோ, சுட்டுகின்ற அந்தப் பக்கங்களும் எவ்வளவு மதிப்புடையனவோ, அதைப் பார்த்து வரிசைப்படுத்துவதே தேடுபொறியின் பிரதான யுக்தியாக இருந்தது. நாம் கேட்டதும் அது பத்து இணைப்புகளைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். உள்ளே போய் வாசிப்பது நம்முடைய பொறுப்பு. தளத்துக்காரர் தம் எழுத்தை யந்திரம் இலவசமாக வாசிக்க அனுமதிப்பார், யந்திரம் பிரதியுபகாரமாக வாசகரை அவரிடம் அனுப்பிவைக்கும் என்னும் இந்த எழுதப்படாத உடன்படிக்கையின்மேல்தான் கால் நூற்றாண்டு காலம் இணையத்தளங்கள் ஜீவித்து வந்தன.

2024 மே மாதத்திலே அமெரிக்காவில் அந்த உடன்படிக்கையின் வாசகம் மாறியது. செயற்கை நுண்ணறிவு பல பக்கங்களையும் வாசித்துத் தானே ஒரு சுருக்கத்தை இயற்றி, இணைப்புகளுக்கெல்லாம் மேலே வைக்கும் முறையைக் கூகுள் அங்கே பகிரங்கமாகத் தொடங்கி, அவ்வருஷம் முடிவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தேசங்களுக்கும், 2025 மே மாதத்திலே இருநூறுக்கும் மேற்பட்ட தேசங்களுக்கும் பிரதேசங்களுக்கும் விஸ்தரித்தது. கொஸ்லந்தை பஸ் தரிப்பிடத்தில் நின்று ஓர் உல்லாசப் பிரயாணி தியலும நீர்வீழ்ச்சியின் உச்சிக்கு எப்படி ஏறுவதென்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னே ஒரு பெட்டி திறக்கிறது. அதிலே நீர்வீழ்ச்சியின் உயரம் 220 மீற்றர், இன்ன பாதை, இன்ன நேரம் என்று நாலைந்து வரிகள். அவற்றின் ஓரத்திலே கடுகளவான இணைப்புக் குறிகள். அதன் கீழே காணொளிகள். பிறகு ‘மக்கள் இவற்றையும் கேட்கிறார்கள்’ என்று ஒரு வரிசை. பெருவிரலால் இரண்டு மூன்று தடவை தள்ளிய பிற்பாடுதான், அந்தப் பாதையிலே பல தரம் நடந்து, மழைக்காலத்தில் எந்தப் பாறை வழுக்கும், அட்டை எங்கே மொய்க்கும் என்று விஸ்தாரமாக எழுதிய உள்ளூர் வழிகாட்டியின் பக்கம் தலைகாட்டுகிறது. அவ்வளவு தூரம் தள்ளுவதற்குள் பஸ் வந்துவிடும்.

இதைக் கற்பனை என்று யாரும் ஒதுக்கவேண்டாம். பியூ ஆராய்ச்சி நிலையம் அமெரிக்கர் சிலரின் தேடல்களைக் கவனித்து 2025 ஜூலையில் பிரசுரித்த அறிக்கையின்படி, சுருக்கம் தோன்றாத தேடல்களிலே நூற்றுக்குப் பதினைந்து தடவை யாரேனும் ஓர் இணைப்பைத் திறந்தார்கள். சுருக்கம் தோன்றியவற்றிலே எட்டுத் தடவைதான். சுருக்கத்துக்குள்ளே ஆதாரமாகக் காட்டப்பட்ட இணைப்பைத் திறந்ததோ நூற்றுக்கு ஒன்று. எல்லவிலும் ஹப்புத்தளையிலும் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டுக்கொண்டு, விளம்பரத்துக்குக் காசில்லாமல் சொந்தப் பக்கத்தை நம்பியிருப்பவருக்கு இந்தக் கணக்கின் அர்த்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

பழைய முறை உத்தமமாயிருந்தது என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஒரே வார்த்தையை நாற்பது தரம் அடுக்கி முதலிடம் பிடிக்கும் வித்தைக்காரர்கள் அந்நாளிலே ஏராளம். அவர்களை அடக்குவதற்காகவே கூகுள் 2022 ஆகஸ்டிலும் 2024 மார்ச்சிலும் பெரிய சீர்திருத்தங்களைச் செய்து, யந்திரத்தைக்கொண்டு மொத்தமாக உற்பத்தி செய்த பக்கங்களையும், சொந்தக்காரர் கட்டணம் கட்டாமல் கைவிட்ட தளப்பெயரை வாங்கி அதன் கீர்த்தியிலே வேறு வியாபாரம் நடத்துகிறவர்களையும் பின்னே தள்ளுவதாக அறிவித்தது. நியாயமான காரியந்தான்; ஆனால் களையோடு பயிரும் போயிற்று என்று சிறிய தளத்துக்காரர்கள் பல தேசங்களிலும் முறையிட்டார்கள்; அந்த முறையீட்டை முற்றிலும் தள்ளிவிட முடியாது.

நம்மவருடைய தளங்களுக்கோ இதற்கு முந்தியே ஒரு பழைய வியாதி உண்டு. யூனிகோட் பரவுவதற்கு முன்பு இலங்கையிலே தமிழ்ப் பக்கங்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் ஏற்றப்பட்டன. நம் அச்சகங்களிலும் காரியாலயங்களிலும் அது இன்றைக்கும் வழக்கொழியவில்லை. பாமினியிலே ‘அம்மா’ என்று நம் கண்ணுக்குத் தெரிவது, யந்திரத்துக்குள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து அடையாளங்களாகவே கிடக்கிறது. தேடுபொறி எவ்வளவு சமர்த்தாயிருந்தாலும் அதை அம்மா என்று வாசிக்காது. இன்னும் சிலர் அறிவித்தல்களையும் பெயர்ப் பட்டியல்களையும் படமாக்கி முகநூலில் இட்டுவிட்டு, பகிரங்கப்படுத்திவிட்டோம் என்று திருப்தியடைகிறார்கள். அவையும் தேடுவோரின் கண்ணில் படுவது அரிது. போதாக்குறைக்கு, மீரியபெத்த, மீரியபெத்தை, மீரியாபெத்த என்று தமிழிலே மூன்று விதமாகவும், ஆங்கிலத்திலே இன்னும் பல விதமாகவும் எழுதுகிறோம்.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு, அந்த மலைச்சரிவிலே இறந்தவர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு வருவோம். சம்பவம் நடந்த நாளிலும் மறுநாளிலும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள், இருநூறு பேர்வரை, மண்ணுக்குள் போய்விட்டதாக உத்தியோகஸ்தர்களே சொன்னார்கள். உலகத்துச் செய்தி ஸ்தாபனங்கள் அதை அப்படியே பரப்பின. பாடசாலையிலும் வேலைத்தலத்திலும் வெளியூரிலும் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கணக்கில் வந்த பிற்பாடு, மாண்டவரும் காணாமற்போனவருமாகச் சேர்த்து அந்த எண்ணிக்கை நாற்பதுக்கும் கீழே இறங்கியது. எண்ணிக்கை குறைந்தது என்று ஆறுதலடைந்தவர்களும் உண்டு, இந்தக் கணக்கை நம்பாதவர்களும் உண்டு. முதல் நாளைய எண் பெருவாரியான பக்கங்களிலே இருக்கிறது. திருத்திய எண் சொற்பப் பக்கங்களிலே, அதுவும் உள்நாட்டுப் பத்திரிகைகளின் சிறு செய்தியாக இருக்கிறது. பத்து இணைப்புகளைக் காட்டிய காலத்திலே, ஒரு பக்கத்தில் ஓர் எண்ணும் மற்றொரு பக்கத்தில் வேறோர் எண்ணும் இருப்பதைக் கண்ட வாசகருக்கு ஒரு சந்தேகமாவது உதிக்கும். ஏன் இந்த வித்தியாசம் என்று இரண்டையும் திறந்து பார்ப்பார். ஒரே பத்தியாக விடை வரும்போது அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லாமற் போகிறது. லயத்து ஜனங்களின் ஜனத்தொகைக் கணக்கு எவ்வளவு தளர்வாயிருந்தது என்பதே அந்த வித்தியாசத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இது பழைய மண்சரிவு ஒன்றின் சரித்திரத்தோடு முடிகிற விஷயமுமன்று. 2025 நவம்பர் கடைசியிலே டித்வா சூறாவளி வந்து பதுளை மாவட்டத்தையும் மலைநாட்டையும் குலைத்தபோது, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் எச்சரிக்கைகளிலே தம் பிரதேசம் அன்றைக்கு எந்த நிறத்தில் இருந்தது என்பதே ஒருவர் அறியவேண்டியதாயிருந்தது. நேற்றைய பக்கத்திலிருந்து இயற்றிய சுருக்கம், எவ்வளவு சரளமான தமிழிலே இருந்தாலும், அதற்குப் பிரயோஜனப்படாது. நிறுவனத்தின் அறிவித்தலையே நேரே திறக்கவேண்டும்.

சரி, தளத்துக்காரர் தம் பக்கத்தைச் சுருக்கத்துக்குக் கொடுக்காமல் தடுக்க முடியாதா என்று கேட்பீர்கள். தானியங்கி வாசகரை எங்கே விடுவது, எங்கே தடுப்பது என்று எழுதிவைக்கும் ரோபோட்ஸ் கோப்பு 1994 முதலே வழக்கிலிருக்கிறது. ஆனால் பழைய வரிசைக்காக வாசிப்பதும் புதிய சுருக்கத்துக்காக வாசிப்பதும் கூகுளின் ஒரே தானியங்கிதான். அதற்குக் கதவை அடைத்தால் தேடலிலிருந்தே மறைந்துவிடும் அபாயம் உண்டு. எங்கள் வரிகளை எடுத்துக் காட்டாதே என்று பக்கத்திலே தனிக் கட்டளை இடலாம். இட்டால் இணைப்பின் கீழே வழக்கமாக வரும் இரண்டு வரி விளக்கமும் போய்விடும். கூகுள்-எக்ஸ்டெண்டட் என்னும் தடையைப் போட்டுவிட்டு நிம்மதியாயிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது கூகுளின் செயற்கை நுண்ணறிவாகிய ஜெமினி போன்ற பிற உபயோகங்களைப் பற்றியது, தேடலின் சுருக்கத்தை அது தடுக்காது.

வியாபாரம் செய்கிறவருக்கும் ஆவணம் வைத்திருப்பவருக்கும் இந்த இடத்திலே ஒரே ஆலோசனையைச் சொல்ல என்னால் ஆகவில்லை. விடுதிக்காரருக்கு வேண்டியது ஆள். சுருக்கத்தை வாசித்துவிட்டுப் போகிறவரால் அவருக்கு ஒரு சதமும் கிடையாது. ஆகவே சுருக்கத்துக்குள் அடங்காத அறை வாடகை, இன்றைய பாதை நிலை, நேரே பேசும் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை அவர் முன்னே வைக்கட்டும். மீரியபெத்தவைப் பற்றி ஆவணமாகப் பக்கம் வைத்திருப்பவர்களுக்கோ வருகை எண்ணிக்கை பெரிதல்ல. யந்திரம் அவர்களுடைய வரியை எடுத்துக்கொண்டு போகட்டும். எடுத்துக்கொண்டு போகிற வரி பிழையற்றதாயிருந்தால் போதும். அதற்காகப் பாமினியிலுள்ளதை யூனிகோடுக்கு மாற்றி, ஊரின் பெயரை வழங்கும் விதங்களிலெல்லாம் ஒருமுறையேனும் எழுதி, இரண்டு எண்ணிக்கைகளையும் எந்தத் திகதியில் யார் சொன்னார் என்ற விவரத்தோடு ஒரே பந்தியில் வைக்கவேண்டும். கூகுள் தன்னிடம் சேமித்து வைத்த பழைய பிரதிகளைக் காட்டும் வழக்கத்தை 2024-இல் நிறுத்திவிட்டபடியால், பக்கத்தின் ஒரு பிரதியை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் யந்திரத்திலும், அச்சான துண்டுப்பிரசுரங்களையும் நினைவு மலர்களையும் 2005 முதல் நடந்துவரும் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்திலும் சேர்ப்பித்தால், தளப்பெயருக்குக் கட்டணம் கட்ட ஒரு வருஷம் தவறினாலும் அவை அழிந்துபோகா.