இடைநிலைப் பள்ளியில் நம் பிள்ளைகளின் ஒரு தவணை

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேசையில் அடுக்கி வைத்திருக்கும் கிண்ணங்களும் புத்தகங்களும் நம் பள்ளியில் இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு உரியவை. அவர்களைப் பற்றித் தலைமையாசிரியர் அவர்கள் தம் அறிக்கையில் விரிவாகச் சொல்லிவிட்டார். நான் பேச வந்தது, இன்று இங்கே பரிசு வாங்காத பிள்ளைகளைப் பற்றி. கடந்த மூன்று ஆண்டுகளில் நம் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்துப் பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் 11 பேர். அவர்களுக்கு இவ்வாண்டு முதல் தவணை எப்படிக் கழிந்தது என்பதை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

"ஏன் டீச்சர், ஸ்கூல் ரெண்டு மணிக்கு விட்டுடுது. எம்புள்ள புதன்கிழமையானா ஆறு மணிக்குத்தான் வீட்டுக்கு வருது. நடுவுல அங்க என்னதான் நடக்குது?" என்று தாய்மார்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துகொள்ள அந்தப் பிள்ளைகளையே உட்கார வைத்துக் கேட்டேன். அவர்களுடைய பயிற்சி நோட்டுகளையும் நற்சான்றிதழ்களையும் பார்த்தேன். அவர்கள் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கும் ஒரு நாள் போய் வந்தேன். அங்கே நான் கண்டதைச் சொல்வதற்கு முன்னால், காலம் எப்படி மாறியிருக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளை நுழைவுத் தேர்வில் தேறினால்தான் இடைநிலைப் பள்ளி. தேறாத பிள்ளைக்குப் பால்மரக் காடுதான். 1965 முதல் அந்தத் தடை நீங்கியது. மூன்றாம் படிவம் வரை எல்லாப் பிள்ளைகளும் போக வழி பிறந்தது. அதன் பிறகும் நடுநடுவே அரசாங்கச் சோதனைகள் இருந்தன. 1988 முதல் ஆறாம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். இருந்தது. மூன்றாம் படிவத்தில் எல்.சி.இ., எஸ்.ஆர்.பி., பி.எம்.ஆர். என்று பெயர் மாறி மாறி வந்து, 2014 முதல் பி.டி.3 ஆனது. பிள்ளை பின்தங்கிவிட்டது என்றால் அந்தச் சோதனை முடிவு வீட்டுக்கு வந்து மணி அடித்துச் சொல்லிவிடும்.

இப்போது அந்த மணி இல்லை. யு.பி.எஸ்.ஆர். 2021-ஆம் ஆண்டிலும் பி.டி.3 சோதனை 2022-ஆம் ஆண்டிலும் எடுக்கப்பட்டுவிட்டன. சின்ன வயதிலேயே சோதனைப் பயம் வேண்டாம், வகுப்பறையிலேயே ஆசிரியர் மதிப்பிடட்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆனால் தோட்டத்துப் பெற்றோர் ஒன்றை மறக்கக் கூடாது. நம் பிள்ளை எழுதும் முதல் பெரிய அரசாங்கத் தேர்வு, ஐந்தாம் படிவத்தில், 17 வயதில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுதான். அதுவரைக்கும் சும்மா இருந்துவிட்டு, முடிவு வந்த அன்றைக்குத் தலையில் கை வைத்து உட்கார்ந்தால் பயன் இல்லை. ஆகவேதான், ஒவ்வொரு தவணையிலும் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டிய பொறுப்பு முன்னைக் காட்டிலும் இப்போது நமக்கு அதிகம்.

சரி, இந்தத் தவணையில் நடந்ததைச் சொல்கிறேன்.

தவணை தொடங்கியதும் ஒவ்வொரு மாணவரும் மூன்று இடத்தில் பெயர் கொடுக்க வேண்டும். ஒரு சீருடை இயக்கம், ஒரு கழகம், ஒரு விளையாட்டு. சீருடை இயக்கம் என்றால் சாரணர், பெண் சாரணியர், செம்பிறைச் சங்கம், செயிண்ட் ஜான் முதலுதவிப் படை, போலீஸ் கேடட் என்று பல உண்டு. நம் பிள்ளைகளில் நான்கு பேர் செயிண்ட் ஜானில் சேர்ந்தார்கள். கட்டுத் துணியை எப்படி மடிப்பது, இரத்தம் வந்தால் என்ன செய்வது, மயங்கி விழுந்தவரை எப்படிப் படுக்க வைப்பது என்று புதன்கிழமை தோறும் பயிற்சி.

அந்தப் பயிற்சியின் பலனை நம் தோட்டமே பார்த்தது. மேட்டு லயத்தில் அண்ணன் ஒருவர் செம்பனை வெட்டும் அரிவாளைத் தீட்டும்போது கை வழுக்கி, முன்கையில் ஆழமாக வெட்டுப்பட்டது. கூடியிருந்தவர்கள் காப்பித்தூளைக் கொண்டு வா, மஞ்சளைக் கொண்டு வா என்று ஓடினார்கள். இரண்டாம் படிவம் படிக்கும் நம் பையன் ஒருவன், "அதெல்லாம் போடாதீங்க மாமா" என்று சொல்லி, துவைத்த துணியை மடித்துக் காயத்தின் மேல் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்து, கார் வரும்வரை பிடியைத் தளர்த்தாமல் உட்கார்ந்திருந்தான். அந்த அண்ணன் இப்போது மறுபடி வேலைக்குப் போகிறார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காய் உதவியது. அந்தப் பையன் மாதச் சோதனையில் வாங்கிய மதிப்பெண் சுமார்தான். ஆனாலும் அவன் அன்று செய்ததை எந்த மதிப்பெண்ணால் அளப்பது?

அடுத்து விளையாட்டு. குறுக்கோட்டத்தில் நம் பிள்ளைகள் ஒன்பது பேர் ஓடினார்கள். அவர்களில் இருவர் முதல் இருபது இடங்களுக்குள் வந்தார்கள். வலைப்பந்தில் முதலாம் படிவ மாணவி ஒருத்தி மாவட்டப் போட்டிக்குத் தேர்வானாள். தேர்வான சேதி கேட்டு அவள் வீட்டில் சந்தோஷம் இல்லை, சச்சரவுதான். "பொம்பளப் புள்ள, பொழுது சாய வந்தா யாரு பதில் சொல்றது? தம்பிய யாரு பாக்குறது?" என்று அப்பா கேட்டார். அவர் கேட்டதிலும் தப்பு இல்லை. அம்மா மாலை வரைக்கும் உரம் போடும் வேலையில் இருப்பவர்.

பிறகு என்ன நடந்தது? பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி என் வீட்டில் இருக்கட்டும்" என்றார். பயிற்சி நாட்களில் பஸ் நிற்கும் சாலை முனைக்கு இரண்டு தகப்பன்மார்கள் முறை வைத்து மோட்டார் சைக்கிளில் போய்ப் பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். காசு பணம் செலவில்லை, பேசி வைத்துக்கொண்டது மட்டுந்தான். அந்தக் குழு மாவட்டத்தில் மூன்றாம் இடம் பெற்றது. சான்றிதழைப் பார்த்த அப்பா அதைச் சட்டம் போட்டு மாட்டினாரே தவிர, மறுபடி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"விளையாடினா படிப்பு கெட்டுடும்" என்று சொல்வோர் உண்டு. டாக்டர் எம். ஜெகதீசனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1966-ஆம் ஆண்டு பேங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4 x 100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் என்று மூன்று தங்கம் வென்றவர் அவர். அதே மனிதர்தான் மருத்துவரும் ஆனார். அதே போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர் தாப்பாவில் பிறந்த நம் எம். ராஜமணி, ஒரு பெண்பிள்ளை. 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் தங்கம் வாங்கியவர் ஜி. சரவணன். எல்லாப் பிள்ளைகளும் இவர்களைப் போல் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஓடுகிற பிள்ளைக்குப் படிப்பு வராது என்பது உண்மையில்லை என்று மட்டுமே சொல்கிறேன்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்கும்போது நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு படிப்புக்கு, பத்துப் பங்கு புறப்பாட நடவடிக்கைக்கு. ஒரு பங்கு குறைந்ததால் இடம் தவறிப் போனவர்கள் உண்டு. அந்தப் பத்தில், பிள்ளை ஒழுங்காக வந்ததா, பொறுப்பு ஏற்றதா, எந்த நிலை வரை போட்டியில் கலந்தது என்று எல்லாம் பார்க்கிறார்கள். கிண்ணம் வாங்காவிட்டாலும், ஒழுங்காகப் போய் வந்தாலே ஓரளவு கிடைக்கும். புதன்கிழமை பிள்ளையை வீட்டில் நிறுத்தினால் அதுவும் போய்விடும்.

அடுத்து நான் சொல்லப் போவது நம் மொழியைப் பற்றியது. இதைக் கவனமாகக் கேளுங்கள். இடைநிலைப் பள்ளியில் தமிழ் வகுப்பு தானாக வந்துவிடாது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும். அதற்குத் தவணைத் தொடக்கத்தில் ஒரு பாரம் வீட்டுக்கு வரும். இவ்வாண்டு முதலாம் படிவத்தில் 12 பாரங்கள்தான் பள்ளிக்குத் திரும்பி வந்தன. மூன்று குறைந்தால் வகுப்பு இல்லை. தமிழ் கற்பிக்கும் ஆசிரியர், "கொஞ்சம் விசாரிச்சுப் பாருங்க" என்று சேதி சொல்லி அனுப்பினார். நம் மாணவர்களும் தமிழ்க் கழகத்து மூத்த மாணவர்களும் வீடு வீடாகப் போனார்கள். போய்ப் பார்த்தால், வேண்டாம் என்று சொன்ன பெற்றோர் ஒருவர்கூட இல்லை! பாரம் புத்தகப் பையிலேயே கசங்கிக் கிடந்தது. ஒரு வீட்டில் அது மலாயில் இருந்ததால் ஏதோ கட்டணக் கடிதம் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஐந்து கையெழுத்துகள் வந்தன. 17 பேருடன் வகுப்பு தொடங்கியது.

பெற்றோர்களே, இதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஆறு வருடம் இங்கே தமிழில் படித்த பிள்ளை, ஒரு கையெழுத்து இல்லாத காரணத்தால் தமிழை விட்டுவிடும் நிலை. முதலாம் படிவத்தில் விட்ட பிள்ளை, பிறகு எஸ்.பி.எம். தேர்வில் தமிழும் தமிழ் இலக்கியமும் எடுப்பது மிகவும் சிரமம். இந்த வகுப்பிலிருந்துதான் தவணைக் கடைசியில் இரண்டு பிள்ளைகள் பேச்சுப் போட்டிக்குப் போனார்கள். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் முந்நூறு பேருக்கு முன்னால் நடுங்காமல் நின்று பேசினார்கள்.

எல்லாம் நல்ல சேதியாகவே சொல்லிப் போனால் அது நேர்மையாகாது. 11 பேர் என்று சொன்னேன். இப்போது பள்ளிக்குப் போவது 10 பேர். ஒரு பையன் மூன்றாம் வாரத்தோடு நின்றுவிட்டான். பெயர் சொல்ல மாட்டேன், உங்களில் பலருக்குத் தெரியும். வயது 14. வகுப்பில் மலாயில் சொன்னது புரியவில்லை. கேட்க வெட்கம். சீருடை உடுத்திக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பி, பஸ் நிலையத்திலேயே பொழுதைக் கழித்திருக்கிறான். வீட்டுக்குத் தெரிய வந்தபோது பல நாட்கள் கடந்துவிட்டன. இப்போது பட்டணத்தில் கார் கழுவும் வேலை. கையில் கொஞ்சம் காசு பார்த்துவிட்டான், பள்ளிக்கு வா என்றால் சிரிக்கிறான்.

அவனுக்கும் மற்ற 10 பேருக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். அறிவில் குறைந்தவன் அல்லன். நம் பள்ளியில் கணக்குப் பாடத்தில் முதல் மூன்று பேரில் ஒருவனாக இருந்தவன். மற்றவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு குழுவில் இருந்தார்கள். ஒரு நாள் வராவிட்டால், "ஏன் வரல?" என்று கேட்க ஒரு சாரணர் தலைவனோ, ஒரு பந்து விளையாட்டுத் தோழியோ இருந்தார்கள். புரியாத பாடத்தைத் திடலோரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க மூத்த மாணவர் இருந்தார். இவனை மதியம் இரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவனைத் தேட அங்கே ஆள் இல்லாமல் போயிற்று.

தலைமையாசிரியரும் நானும் அவன் வீட்டுக்கு இரண்டு முறை போய் வந்தோம். மூன்றாம் முறையும் போவோம். அவனுடைய கூட்டாளிகளும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தோட்டத்துப் பெரியவர்களும் அவனைக் கண்டால், திட்டாமல், கேலி பேசாமல், "எப்பப்பா ஸ்கூலுக்குத் திரும்பப் போற?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசியாக நான் கேட்பவை நான்கு. ஒன்று, புதன்கிழமை பிற்பகலைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுங்கள். அழைத்து வருவதற்கு அக்கம்பக்கத்தாருடன் பேசி முறை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, பள்ளியிலிருந்து வரும் எந்தக் கடிதத்தையும் படிக்காமல் ஒதுக்காதீர்கள். புரியாவிட்டால் எங்களிடம் கொண்டு வாருங்கள். பள்ளி முடிந்த பிறகும் நாங்கள் இங்கேதான் இருப்போம். மூன்று, பிள்ளை வாங்கும் ஒவ்வொரு சான்றிதழையும் பிளாஸ்டிக் உறையுள்ள கோப்பில் போட்டு வையுங்கள். கூரை ஒழுகலும் கரையானும் நமக்குப் புதிதல்ல. நான்கு, தவணைக்கு ஒரு முறையாவது அந்த இடைநிலைப் பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியரைப் பாருங்கள். மலாய் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை. அப்பா அம்மா வந்து பார்க்கிறார்கள் என்பது ஆசிரியருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும்.

ஆறாம் ஆண்டு மாணவர்களே, அடுத்து நீங்கள்தான் அந்தப் பஸ்ஸில் ஏறப் போகிறீர்கள். புரியாததைக் கேட்க வெட்கப்படாதீர்கள். ஏதாவது ஒரு குழுவில் சேருங்கள். உங்களோடு வந்த ஒருவன் ஒரு நாள் வராவிட்டால், அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போய் ஏன் என்று கேளுங்கள். அதை நீங்கள் செய்தால், அடுத்த ஆண்டு இதே மேடையில், போனவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரும் படிக்கிறார்கள் என்று நான் சொல்ல முடியும்.