தணலில் சுட்ட தக்காளியும் கோழி பாஸ்தாவும்

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பாஸ்தா கடையில் வாங்கித் தரவேண்டிய பண்டம் என்று நினைக்கிறோம். அது கோதுமை ரவையில் செய்வதுதான். அதற்கு வேண்டிய தக்காளி நம் தேனி மாவட்டத்திலேயே விளைகிறது. விலை சரியும்போது பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் விவசாயிகள் அதைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அந்த வாரம் வீட்டுக்கு 2 கிலோ கூடுதலாக வாங்குங்கள்.

தேங்காய்ச் சிரட்டைத் தணலில் தோல் கருகும்வரை சுட்டு, சூடாகவே பாத்திரத்தில் போட்டு 10 நிமிடம் மூடி வையுங்கள். புகை வாசம் உள்ளிறங்கும், தோலும் தானே கழன்றுவிடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். தணலை மொட்டை மாடியில்தான் மூட்ட வேண்டும். அடைத்த சமையலறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உயிரையே எடுத்துவிடும்.

இனி அடுப்புக்கு வாருங்கள். 200 கிராம் பாஸ்தாவை உப்பு நீரில் வேகவைத்து, வடித்த நீரில் ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள். எண்ணெயில் 6 பல் பூண்டு, எலும்பில்லாத கோழி கால் கிலோ, மிளகுத்தூள், உப்பு சேர்த்து, கறியின் உள்ளே சிவப்பு தெரியாதவரை வதக்குங்கள். சுட்ட தக்காளி அரைக் கிலோவை மசித்து ஊற்றிக் கொதித்ததும், பாஸ்தாவையும் அந்த நீரையும் சேர்த்துக் கிளறினால் சாறு நன்றாகப் பிடிக்கும்.

மீதித் தக்காளியை மசித்து ஃப்ரீசரில் வையுங்கள். விலை ஏறும் மாதத்தில் கைகொடுக்கும்.