மனக்கணக்கு

2001 ஜனவரி, டெல்லியில் ஸ்த்ரீ சக்தி விருது விழா. விருது வாங்க வந்த ஒரு விவசாயக் கூலிப் பெண்ணின் காலைத் தொட்டு வணங்கினார் பிரதமர் வாஜ்பாய். அந்த அம்மா நம்ம மதுரைக்காரர், அழகர்கோயில் பக்கத்துக் கிராமத்துச் சின்னப்பிள்ளை.

எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் வயல் வேலைக்கு ஆள் சேர்த்து, நிலக்காரரிடம் கூலி பேசி, ஆளாளுக்குக் கணக்காகப் பிரித்துக் கொடுக்கும் திறமை அவரிடம் இருந்தது. களஞ்சியம் மகளிர் சேமிப்பு இயக்கம் வளரவும் அந்தத் திறமை உதவியது. 2019இல் பத்மஸ்ரீயும் வந்தது.

இப்போது நம்ம தெருவிலும் அப்படி ஒருவனைப் பாருங்கள். பாடப் புத்தகத்தில் ஒரு வரி வாசிக்கத் திணறுகிற பையன், பைக் சத்தத்தைக் கேட்டே "டேப்பெட் அடிக்குதுண்ணே" என்கிறான். அவனைப் போய் மக்கு என்கிறோமே, எனக்கு மனசு பொறுக்கவில்லை. வாசிப்பையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்போம், அது அவனுக்கு வேண்டும். அதுவரை அவன் கைத்திறமை காத்திருக்க வேண்டியதில்லை.

ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். மதுரை கே.புதூரிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. பையனையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் போய் விசாரியுங்கள்.