உலாவியும் குடிமராமத்தும்

(பெங்களூருவில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொருளாதாரம் பயின்று மத்திய அரசுப் பணிக்கு வந்தவன் நான். கணினி அறிஞன் அல்லன். ஆயினும் இணைய உலாவியைப் பற்றிப் பேச இசைந்தேன். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவனும், வரிக்கணக்கு அளிக்கும் வணிகரும், ஓய்வூதியம் பெறும் முதியவரும் இன்று உலாவி என்னும் வாயிலின் வழியாகவே அரசை அணுகுகின்றனர். அந்த வாயிலின் சாவி யார் கையில் இருக்கிறது என்பது பொறியாளரின் கேள்வி மட்டுமன்று. வளர்ச்சியில் அக்கறை உள்ள அனைவரின் கேள்வியுமாகும்.

ஒரு கையொப்பம் தந்த பாடம்

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், தனியார் உலாவி ஒன்றில் மட்டுமே இயங்கும் இணையதளத்தை அமைக்க ஒப்புதல் அளித்தோம். செலவு குறைவு என்பதே காரணம். கோப்பில் என் கையொப்பமும் இருந்தது. அந்த உலாவி வழக்கொழிந்தபோது தளத்தை அடியிலிருந்து திரும்பக் கட்ட நேர்ந்தது. வேறு உலாவி வைத்திருந்த விண்ணப்பதாரர்கள் அதுவரை அலைந்த அலைச்சல் எந்தக் கணக்கேட்டிலும் பதிவாகவில்லை. அதன் பின்னரே திறந்த மூல உலாவிகளின் வளர்ச்சியை ஊன்றிக் கவனிக்கத் தொடங்கினேன்.

மூல நிரல் பொதுவானது

வையவிரிவு வலை மென்பொருளைச் செர்ன் ஆய்வகம் 1993 ஏப்ரல் 30 அன்று பொது உடைமையாக்கியது. நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூல நிரலை 1998 மார்ச் 31 அன்று வெளியிட்டது. அதிலிருந்து மொசில்லா இயக்கமும், 2004 நவம்பர் 9 அன்று பயர்பாக்ஸ் முதற் பதிப்பும் பிறந்தன. மற்றொரு கிளையில், கேடிஈ தன்னார்வலர்கள் எழுதிய கேஎச்டிஎம்எல் என்னும் நிரலை ஆப்பிள் நிறுவனம் வெப்கிட்டாக வளர்த்தது. அதிலிருந்து 2013-இல் கூகுள் பிளிங்க்கைப் பிரித்தெடுத்தது. குரோமியம் உலாவியின் இன்றைய இயந்திரம் அதுவே. சிலர் ஓய்வு நேரத்தில் விதைத்தது உலகெங்கும் நிழல் தருகிறது.

இதில் நமக்கும் பங்குண்டு. பயர்பாக்ஸின் தொடக்கப் பதிப்புகளில், இரு ஓரமும் சீராக்கப்பட்ட பத்திகளில் தமிழ் எழுத்தின் கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்து நின்றதைச் சிலர் நினைவுகூரலாம். 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அக்குறை தீர்ந்தது. இத்தகைய குறைகள் தீரும் முறை எளியது. பயன்படுத்துபவர் குறையைத் தெளிவாக எழுதி அனுப்புகிறார்; வேறொருவர் அதைத் தம் கணினியில் உறுதி செய்கிறார்; ஒருவர் திருத்தம் எழுத, இன்னொருவர் சரிபார்க்கிறார்; சோதனைப் பதிப்புகளைக் கடந்து அது அனைவரையும் அடைகிறது. எந்தக் கட்டத்தில் யார் என்ன சொன்னார் என்பதையும் பெரும்பாலும் எவரும் படிக்கலாம். நம் கோப்புகளின் குறிப்புப் பக்கங்களைப் போன்றதுதான். ஆனால் கதவு திறந்திருக்கிறது.

நம் நாட்டின் முயற்சிகள்

இந்தப் பெங்களூருவிலிருந்து 2010-இல் எபிக் என்னும் உலாவி, பயர்பாக்ஸ் நிரலை அடிப்படையாகக் கொண்டு இந்திய மொழி வசதிகளுடன் வெளிவந்தது. 2013-இல் அது குரோமியத்துக்கு மாறியது. 2023 ஆகஸ்டில் மத்திய அரசு இந்திய இணைய உலாவி உருவாக்கப் போட்டியை அறிவித்தது. சான்றளிக்கும் அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர் அலுவலகமும் பெங்களூரு சி-டாக் மையமும் அதனை நடத்தின. 2025 மார்ச்சில் முடிவு வெளியாயிற்று. முதற்பரிசான 1 கோடி ரூபாயைத் தமிழகத்தைச் சேர்ந்த ஜோஹோ நிறுவனம் வென்றது. அதன் உலாவிக்கு 'உலா' என்றே பெயர். அதுவும் குரோமியம் நிரலின் மீது எழுந்ததே.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. இருக்கும் அடித்தளத்தின் மீது கட்டுவது அறிவுடைமை. ஆனால் மேல்மாடியைக் கட்டியவர் அடித்தளத்தின் பழுதையும் பார்த்தாக வேண்டும்.

நம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

இந்திய வேர்ச்சான்றிதழை உலாவி ஏற்க வேண்டும் என்பது அப்போட்டியின் நோக்கங்களுள் ஒன்று. நாம் அணுகும் தளம் உண்மையானதா என்பதை உலாவி இத்தகைய சான்றிதழ்களைக் கொண்டே தீர்மானிக்கிறது. 2014 ஜூலையில், தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிக்கும் பிரிவிலிருந்து கூகுள் முகவரிகளுக்கு முறையற்ற சான்றிதழ்கள் வெளிவந்தது கண்டறியப்பட்டது. அவை இரத்து செய்யப்பட்டன. குரோம் உலாவியும் இந்தியச் சான்றிதழ்களுக்கு வரம்பு விதித்தது. இந்நிகழ்ச்சி உணர்த்துவது இரண்டு. நம் குடிமக்களின் பாதுகாப்பு பற்றிய முடிவு வெளிநாட்டு நிறுவனத்தின் கையில் இருப்பது கவலைக்குரியது. அதே வேளையில், பட்டியலை நாமே வைத்துக்கொள்வதால் மட்டும் நம்பிக்கை பிறந்துவிடாது. பலர் பார்த்துச் சோதிக்க இடமளிப்பதே அதன் ஊற்று.

தூர் வாரும் கடமை

நம் ஊர் ஏரிகளுக்குக் குடிமராமத்து என்ற முறை இருந்தது. நீரைப் பயன்படுத்தியவர்களே உழைப்பைத் தந்து கரையையும் மதகையும் காத்தனர். பொதுச் சொத்தைப் பயனாளிகளே விதி வகுத்துப் பேண இயலும் என்பதை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். ஏரி நீர் எடுக்க எடுக்கக் குறையும்; மூல நிரல் குறையாது. ஆனால் தூர் இரண்டிலும் சேரும். பாதுகாப்பு ஓட்டைகளை நாள்தோறும் அடைக்க ஆள் வேண்டும். 2020-இல் மொசில்லா நிறுவனம் சுமார் 250 பணியாளர்களை நீக்கியபோது, பொதுச் சொத்தின் காவல் எவ்வளவு மெலிந்தது என்பதை உலகம் கண்டது. பரிசுத் தொகை ஒருமுறை தரப்படுவது. பராமரிப்போ ஆண்டுதோறும் வேண்டுவது. வரவுசெலவுத் திட்டத்தில் புதிய ஏரிக்கு எளிதில் இடம் கிடைக்கிறது. தூர் வாருவதற்குக் கிடைப்பதில்லை.

ஆகவே அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, தளம் பொதுத் தரங்களின்படி அமைந்து, இரண்டுக்கு மேற்பட்ட உலாவிகளில் சோதிக்கப்பட வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரியை எழுதாத தவற்றைத்தான் நான் செய்தேன். திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்தும் துறைகள், அதன் பராமரிப்புக்கும் ஒரு சிறு பங்கை ஒதுக்க வேண்டும்.

மாணவர்களே, தமிழிலோ கன்னடத்திலோ ஓர் எழுத்து உடைந்து தோன்றினால், முணுமுணுத்துவிட்டு நகராமல் அதை எழுதி அனுப்புங்கள். ஒரு மண்வெட்டி மண் அள்ளியவனுக்கும் ஏரி சொந்தம்.