நெல் கணக்கும் கில்பர்ட் சிலேட்டரும்



கில்பர்ட் சிலேட்டர் என்றதும் தமிழ் பயின்றோர்க்கு நினைவு வருவது, இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூறு குறித்து அவர் 1924-இல் வெளியிட்ட நூலேயாகும். அதனினும் நாகை மண்ணுக்கு நெருக்கமான பணியொன்றை அவர் முன்பே செய்திருந்தார் என்பதைப் பலர் அறியார்.

இங்கிலாந்தில் பொதுவயல்கள் வேலியிடப்பட்ட வரலாற்றையும் அந்நாட்டு உழவர் நிலையையும் 1907-இல் நூலாக எழுதியவர் சிலேட்டர். 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்தார். சிற்றூர் வாழ்வை அரசாங்க ஏடுகளில் மட்டும் தேடாமல், மாணவரிடம் வினாநிரலைக் கொடுத்துச் சொந்த ஊருக்கு அனுப்பினார். விடுமுறைக்கு வீடு செல்பவன் தன் ஊரையே பாடமாகப் படித்து வரவேண்டும், நல்ல ஏற்பாடுதான்! அதன் விளைவே 1918-இல் வெளிவந்த ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’. அதில் இடம்பெற்ற தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் பாலக்குறிச்சி. இன்று அது நாகை மாவட்டத்தைச் சேர்ந்தது.

சிலேட்டர் பேராசிரியராக இருந்தது 1921 வரையே. ஆனால் அவர் தொட்ட ஊர்களைப் பின்வந்தோர் விடவில்லை. பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருஷ்ணனும் மீண்டும் ஆராய்ந்து 1940-இல் நூல் வெளியிட்டனர். 2019-இலும் பாலக்குறிச்சியில் வீடுவீடாகக் கணக்கெடுக்கப்பட்டது.

ஓர் ஊரில் எத்தனை கலம் விளைந்தது என்பதை எவரும் எழுதிவிடலாம். களத்தில் அளந்த நெல் யார் வீட்டுக் குதிருக்குப் போயிற்று என்பதே கடினமான வினா. கீழத்தஞ்சையில் பண்ணையாளின் கூலி காசாக மட்டும் இருந்ததில்லை. பெரிதும் மரக்காலிலும் படியிலும் அளக்கப்பட்ட நெல்லாகவே இருந்தது. படி குறைந்தால் அன்றே உலை குறையும். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தும் இவ்வழக்கு தீரவில்லை. கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. மறு ஆண்டுதான் கீழத்தஞ்சைக்கென நியாயக் கூலிச் சட்டம் பிறந்தது. பொருளியலார் பட்டியலில் ஒரு வரியாக நிற்கும் ‘கூலி’ என்னும் சொல்லுக்குள் இத்தனையும் அடங்கும்.

இன்று அறுவடையை இயந்திரம் செய்கிறது, கூலியும் பணமாயிற்று. 2011 சூன் முதல் குடும்ப அட்டைக்கு அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. வயலில் விளைந்த நெல் கொள்முதல் நிலையத்துக்குச் செல்கிறது. நிலமற்றவர் வீட்டு உலைக்கு அரிசி நியாயவிலைக் கடையிலிருந்து வருகிறது.